சித்திரைத் தண்ணீரை அளந்த பிறகு விதை வாங்குங்கள்: நெல்லைச் சீமையில் அடுத்த ஆண்டு வீட்டுத் தோட்டத்தைத் திட்டமிடும் முறை

பாளையங்கோட்டையை அடுத்த எங்கள் வீட்டின் பின்புறம் ஒன்றரை சென்ட் இடம் இருக்கிறது. முதல் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு, கடையில் கண்ணில் பட்ட விதைகளையெல்லாம் வாங்கி வந்து, அந்த ஒன்றரை சென்ட்டிலும் இடைவெளியின்றி விதைத்தேன். மாசியில் பார்ப்பவர் கண்படும்படி வளர்ந்தவை, சித்திரை பிறந்து ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறங்கியதும், இரண்டே வாரத்தில் கருகின. அடுத்த முறை பப்பாளியில் ஏமாந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, எங்கள் தோட்டத்தில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கியது. காய் பிடித்து நின்ற நான்கு பப்பாளி மரங்களும் அடித்தண்டு கொழகொழத்து, ஒரு வாரத்துக்குள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

இந்த இரண்டு இழப்புக்கும் என்னுடைய உழைப்புக் குறைவு காரணம் அன்று. எதை எப்போது எவ்வளவு நடுவது என்று முன்கூட்டியே எழுதி வைக்காததுதான் காரணம். அடுத்த ஆண்டு முதன்முதலாகத் தோட்டம் போட நினைக்கிறவர்கள் மார்கழியில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தால் போதும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். குறிப்பாக முதல் படியை முடிக்காமல், பழமரங்களைப் பற்றிய ஐந்தாம் படிக்குப் போய்விடாதீர்கள்.

1. முதலில் தண்ணீரை அளவிடுங்கள்

நம் பகுதியில் தோட்டத்தின் அளவை நிர்ணயிப்பது உங்களிடம் உள்ள நிலம் அன்று, சித்திரை வைகாசியில் உங்களிடம் மிஞ்சும் தண்ணீர்தான். வெயில் கடுமையான நாளில் ஒரு சதுர மீட்டர் காய்கறிப் பாத்திக்கு ஏறத்தாழ 5 முதல் 6 லிட்டர் நீர் வேண்டும். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே அரை சென்ட்டுக்கு நாள் ஒன்றுக்கு 100 முதல் 120 லிட்டர், ஒன்றரை சென்ட்டுக்கு 300 லிட்டருக்கு மேல் என்று கணக்கு வரும்.

அளப்பது எளிது. 15 லிட்டர் வாளியைக் குழாயின் கீழ் வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் தை மாதம் 40 விநாடியில் நிரம்பிய வாளி, சித்திரைக் கடைசியில் நிரம்ப மூன்று நிமிடம் ஆயிற்று; அரை மணி நேரத்துக்கு மேல் மோட்டாரை ஓட்டினால் குழாயில் காற்றுத்தான் வந்தது. வீட்டுத் தேவை போகத் தோட்டத்துக்கென்று மிஞ்சியது 100 லிட்டர். அன்றைக்கே என் தோட்டம் கோடையில் அரை சென்ட்தான் என்பது முடிவாகிவிட்டது. புதிதாகக் குடிவந்து கோடையைப் பார்க்காதவர்கள், பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் சித்திரையில் கிணறு எப்படி இருக்கும் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் காட்டிலும் சற்றுக் குறைவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கு விடலாம். ஆனால் துணி துவைத்த சோப்பு நீரை நாள்தோறும் ஒரே இடத்தில் விட்டால் மண் இறுகி உப்புப் பூத்துவிடும். திசையன்விளை, இராதாபுரம் பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் நீரின் உப்புத்தன்மையையும் பரிசோதித்துவிட வேண்டும். உப்பு நீரைத் தென்னையும் சப்போட்டாவும் ஓரளவு தாங்கும், எலுமிச்சையும் அவரையும் தாங்கா.

2. மண் மாதிரி எடுத்தலும் வெயில் பார்த்தலும்

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலும், பாளையங்கோட்டைச் செம்மண்ணும், தாமிரபரணிக் கரையின் வண்டலும், தெற்கே உள்ள தேரி என்னும் செம்மணல் மேட்டு மணலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. கரிசல் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் ஐப்பசி மழையில் சேறாகி வேரை அழுகச் செய்யும். தேரி மணலில் நீர் நிற்காது, எருவும் நிற்காது. எனவே பிற மாவட்டத்தார் சொல்லும் நீர்ப்பாய்ச்சும் இடைவெளியை அப்படியே பின்பற்றாதீர்கள்.

மண் பரிசோதனை நிலையத்தில் சிறு கட்டணத்துக்கு மண்ணைச் சோதித்துத் தருகிறார்கள். மேலே உள்ள சருகை விலக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து 15 செ.மீ. ஆழம் வரை ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். இப்படி நான்கைந்து இடத்தில் எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பகுதிகளைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். எருக்குவியல் இருந்த இடத்திலும் மரத்தடியிலும் எடுக்கக் கூடாது. வீடு கட்டியபோது சிமெண்டு கலந்த இடம் எது என்று நினைவுபடுத்தி அதையும் தவிர்த்துவிடுங்கள். நான் தவிர்க்காததால் என் முதல் முடிவு பயனற்றுப் போயிற்று. மார்கழியில் கொடுத்தால் தை விதைப்புக்குள் முடிவு கைக்கு வரும்படி கேட்டுக்கொள்ளலாம்.

வெயிலை ஒரு நாள் முழுவதும் கவனியுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் படாத இடத்தில் தக்காளி, வெண்டை, கத்தரி எதுவும் ஒழுங்காகக் காய்க்காது. அங்கே சேம்பு, கறிவேப்பிலை, கீரை வைக்கலாம்.

3. வீட்டில் என்ன சமைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

பதினைந்து நாள் காய்கறிச் செலவைக் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் கத்தரி, வெண்டை, சீனியவரை (கொத்தவரை), முருங்கை, தடியங்காய் (வெண்பூசணி), கீரை ஆகியவையே மீண்டும் மீண்டும் வந்தன. பல்லாரி என்னும் பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் நிறையச் செலவாகின்றன என்பது உண்மைதான். ஆயினும் அவற்றை நயினார்குளம் மார்க்கெட்டிலோ மகாராஜநகர் உழவர் சந்தையிலோ வாங்கிக்கொள்வதே மேல். கேரட், பீன்ஸ் மலைக்காய்; நம் வெயிலில் அவற்றோடு போராடி முதல் ஆண்டை வீணாக்க வேண்டாம்.

4. ஓராண்டைப் பட்டம் (விதைப்புப் பருவம்) வாரியாகப் பிரியுங்கள்

இதுதான் திட்டத்தின் உயிர்ப்பகுதி. ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, விதைக்கும் மாதத்தில் ஒரு புள்ளியும் அறுவடை முடியும் மாதத்தில் இன்னொரு புள்ளியும் வைத்துக் கோடு இழுங்கள். எந்தக் கோடெல்லாம் சித்திரை வைகாசியைக் கடக்கிறதோ அந்தப் பயிர்களின் பரப்பு, முதல் படியில் கண்ட நீரளவுக்குள் அடங்க வேண்டும்.

தைப்பட்டம். வெண்டையை நேரடியாக விதைத்தால் 45 நாளில் பறிக்கத் தொடங்கலாம். பாகல், புடல், பீர்க்கு ஆகியவற்றையும் தை தொடக்கத்திலேயே ஊன்றிவிட வேண்டும். இவை பங்குனியில் காய்த்துச் சித்திரை நடுவில் ஓய்ந்துவிடும். தக்காளிக்குத் தை காலம் கடந்தது. கார்த்திகையில் நாற்று விட்டு, 25 நாள் நாற்றை மார்கழியில் நட்டால்தான் மாசி, பங்குனியில் பழம் கிடைக்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ உதிர்ந்துவிடும். செடி பச்சையாக நிற்பதைப் பார்த்து எரு போதவில்லை என்று நினைத்து நான் எரு வைத்துக்கொண்டே இருந்தேன். குறை எருவில் இல்லை, நாற்று விட்ட நாளில் இருந்தது.

கோடை. மாசிக் கடைசியில் சீனியவரை விதையுங்கள். வெயிலையும் குறைந்த நீரையும் தாங்குவதில் அதற்கு இணையான காய் நம் வீட்டுத் தோட்டத்தில் வேறில்லை. தண்டுக்கீரையும் சிறிதளவு போடலாம். மீதி இடத்தை வெறுமையாக விட்டு, சருகாலும் தென்னை மட்டையாலும் மூடிவிடுங்கள். வெறும் தரையைக் காண மனம் பொறுக்காது, இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் சேனைக்கிழங்கை ஊன்றலாம். அரைக் கிலோ முதல் முக்கால் கிலோ வரையுள்ள துண்டாக, ஒவ்வொரு துண்டிலும் முளைப்பகுதி சிறிதாவது இருக்கும்படி வெட்டி, சாணிக் கரைசலில் முக்கி உலர்த்தி நட்டால், எட்டு மாதத்தில் இலை பழுத்துச் சாய்ந்து பொங்கலுக்குக் கிழங்கு கிடைக்கும்.

ஆடிப்பட்டம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது சரிதான், ஆனால் ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே வரும் காற்றை மறந்துவிட்டு விதைக்கக் கூடாது. என் பாகற்பந்தலைப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டியிருந்தேன். ஆடியில் ஒரு நாள் இரவு முழுவதும் அடித்த காற்றில் கயிறு அறுபடவில்லை. கொடிதான் கயிற்றோடு உரசி உரசி அறுபட்டுக் கிடந்தது. இப்போது தேங்காய்நார்க் கயிற்றால் கட்டுகிறேன். பந்தற்கால்களை இரண்டடி ஆழம் ஊன்றி, மேற்குப் பக்கத்துக் கால்களுக்கு முட்டுக் கொடுக்கிறேன். பந்தல் வேலை வைகாசிக்குள் முடிந்துவிட வேண்டும். கத்தரி நாற்று 30 முதல் 35 நாள் வளர வேண்டுமாதலால், ஆனியில் நாற்று விட்டு, காற்றின் வேகம் தணியும் ஆடிக் கடைசியில் நடுங்கள். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட கேகேஎம் 1 என்ற கத்தரி, பால்வெள்ளை நிறத்தில் சிறு முட்டை போலக் கொத்தாகக் காய்க்கும். நம் ஊர்ச் சமையலுக்குப் பொருந்துவது. பந்தல் அவரையையும் இப்போதே ஊன்றுங்கள். பகற்பொழுது குறைந்த பிறகே நாட்டு அவரை பூக்கும். ஆடியில் ஊன்றினாலும் மார்கழி, தையில்தான் காய் என்பதை அறியாமல், ஐப்பசியில் கொடியைப் பிடுங்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சிறுகிழங்கு. பொங்கலுக்குச் சிறுகிழங்கு இல்லாத வீடு நம் பக்கத்தில் இல்லை என்பதால் இதைத் தனியே சொல்கிறேன். கிழங்கை நேரே நடுவதில்லை. ஆனி, ஆடியில் சிறிய மேட்டுப்பாத்தியில் கிழங்குகளை நெருக்கமாக ஊன்றி வைத்தால் ஒன்றரை மாதத்தில் கொடி தழைக்கும். அதன் நுனியை அரை அடிக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் கிள்ளி, ஆவணியில் நட வேண்டும். நட்டதிலிருந்து நான்கு, ஐந்து மாதம். பொங்கலிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், ஆவணியைத் தவறவிட்டவருக்குப் பொங்கல் படைப்புக்குக் கிழங்கு கிடைக்காது என்பது விளங்கும். விதைக்கிழங்கைத் தை மாதத்திலேயே எடுத்து, ஈரம் படாமல் மணலில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனியில் தேடினால் கிடைப்பது கடினம். இடம் சிறிது இருந்தால் ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டைகளை மணலில் அடுக்கி மூடிவிடுங்கள். தண்ணீர்ச் செலவு ஏறக்குறைய இல்லாமல் பனங்கிழங்கு வரும்.

ஐப்பசி, கார்த்திகை. மழைக்காலத்தில் புதிதாக எதையும் நேரடியாக விதைக்காதீர்கள். விதை மண்ணோடு அடித்துப் போய்விடும். புரட்டாசிக்குள் எல்லாப் பாத்திகளையும் முக்கால் அடி உயரமாவது மேடாக்கி, நீர் வெளியேற ஒரு வாய்க்கால் வெட்டி, அது தெருவுக்கோ மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்கோ போய்ச் சேருகிறதா என்று ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் பைகளின் அடித்துளைகள் அடைபட்டுள்ளனவா என்று இதே மாதத்தில் பார்க்க வேண்டும்.

5. பழமரங்கள்: ஆண்டுக்கு இரண்டு போதும்

காய்கறியில் தவறு செய்தால் மூன்று மாதத்தில் திருத்தலாம். மரத்தில் தவறு செய்தால் நான்கு ஆண்டு கழித்துத்தான் தெரியும். எனவே முதல் ஆண்டில் விரைவில் பலன் தருவது ஒன்று, நீண்ட காலம் நிற்பது ஒன்று என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாழை 11 முதல் 13 மாதத்தில் தார் தரும். ஆனால் கோடையில் ஒரு வாழைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 லிட்டர் நீர் வேண்டும். அதாவது ஒரு வாழை மூன்று, நான்கு சதுர மீட்டர் காய்கறியின் நீரைக் குடிக்கும். மாசியில் ஈட்டிக் கன்றாக (ஈட்டி போல ஒடுங்கிய இலையுள்ள பக்கக் கன்றாக) பார்த்து நட்டால், ஆடிக்காற்றின்போது தார் சுமை இல்லாமல் நிற்கும். காற்று ஓய்ந்த பிறகே குலை தள்ளும். புரட்டாசியில் நட்டால் ஆனிக் காற்றில் குலையோடு சாயும் நிலை வரும்.

பப்பாளி ஒன்பது, பத்து மாதத்தில் பழுக்கும். ஆண், பெண் தனித்தனியாக வரும் இரகமானால் ஒரு குழிக்கு மூன்று கன்று நட்டு, நான்கு, ஐந்து மாதத்தில் பூ வந்ததும், நீண்ட காம்பில் கொத்தாகத் தொங்கும் பூவுடைய ஆண் மரங்களில் ஒன்றை மட்டும் மகரந்தத்துக்காக வைத்துவிட்டு மற்றவற்றை வெட்ட வேண்டும். தண்ணீர் தேங்கும் இடத்தில் பப்பாளியை நட வேண்டவே வேண்டாம். என் நான்கு மரங்களை இழந்த பிறகு, இப்போது ஒன்றரை அடி உயர மேட்டில் இரண்டு மட்டும் வைத்திருக்கிறேன்.

நீண்ட காலத்துக்கு, தண்ணீர் குறைந்தவர்களுக்குச் சீத்தா, நெல்லி; ஓரளவு இருப்பவர்களுக்குக் கொய்யா, எலுமிச்சை. எலுமிச்சையில் விதைக்கன்று பெரும்பாலும் தாய்மரத்தைப் போலவே வரும். புளியங்குடிப் பக்கத்தில் நல்ல மரத்தின் கன்று கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம், காய்ப்புக்கு மூன்று, நான்கு ஆண்டு ஆகும். கொய்யாவில் அப்படி நம்ப முடியாது. பதியன் கன்றுதான் (தாய்மரக் கிளையிலேயே வேர் பிடிக்க வைத்துப் பிரித்த கன்று) வாங்க வேண்டும். மாவோ சப்போட்டாவோ வாங்கினால், ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்கும்படி நட்டு, ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள். நான் ஒரு நாற்றுப்பண்ணையில் ஒட்டு மா என்று வாங்கிய கன்றில் ஒட்டின் தழும்பே இல்லை என்பதை இரண்டாம் ஆண்டில்தான் கவனித்தேன். கன்றைக் கையில் எடுத்ததும் தண்டின் அடிப்பகுதியில் அந்தத் தழும்பைத் தடவிப் பாருங்கள்.

வாழை தவிர்த்த மரங்களுக்குக் குழியை வைகாசியில் இரண்டடி நீள, அகல, ஆழத்தில் வெட்டி வெயில் பட விட்டு, மேல்மண்ணுடன் மட்கிய எருவைக் கலந்து நிரப்பி, புரட்டாசி மழை தொடங்கும்போது நடுங்கள். சுவரிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் பத்தடி தள்ளியே மரம் இருக்கட்டும். முருங்கையையும் மரக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 செடிமுருங்கையை விதையாக ஊன்றினால் ஆறு மாதத்தில் காய்க்கும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பிரியும், காற்றிலும் முறியாது.

6. விதை, கன்று, அரசுத் தளை (மானியத் தொகுப்பு): கையில் இருக்க வேண்டியவை

விதைப் பொட்டலத்தில் குவியல் எண் (லாட் நம்பர்), முளைப்புத்திறன், சோதனை செய்த நாள், காலாவதி நாள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். சோதனை நாளிலிருந்து ஒன்பது மாதம் வரையே அந்த முளைப்புத்திறனுக்கு உறுதி. கத்தரி, தக்காளிக்கு 70 விழுக்காடும், வெண்டைக்கு 65 விழுக்காடும், மிளகாய்க்கு 60 விழுக்காடும் குறைந்தபட்ச முளைப்பு அளவுகள். குவியல் எண் குறித்த ரசீதைக் கேட்டு வாங்கி, பொட்டலத்தோடு சேர்த்து அறுவடை வரை வைத்திருங்கள். ரசீது இல்லாமல் புகார் செய்யப் போய் நான் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிடுங்கள். நிறம் பூசிய விதையில் மருந்து இருக்கும். குழந்தைகள் கையில் படாமல் வையுங்கள்.

தோட்டக்கலைத் துறை காய்கறி விதைத் தளை, மாடித்தோட்டத் தளை, பழக்கன்றுத் தளை ஆகியவற்றை மானியத்தில் வழங்குகிறது. 2021ஆம் ஆண்டுத் திட்டத்தில் 900 ரூபாய் மதிப்புள்ள மாடித்தோட்டத் தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது. 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் காய்கறி விதைகளும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளும் முழு மானியத்தில் அறிவிக்கப்பட்டன. தொகையும் பொருளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இருப்பும் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், கைபேசி எண் ஆகியவற்றோடு உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை வைகாசியிலேயே ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள். இத்துறையின் இணையதளத்திலும் உழவன் செயலியிலும் அறிவிப்புகளைப் பார்க்கலாம். சிட்டா, அடங்கல் என்னும் நில ஆவணங்களைத் தேடி அலைய வேண்டாம். அவை சொட்டுநீர்ப் பாசன மானியம் போன்ற, விவசாய நிலத்துக்குரிய திட்டங்களுக்கானவை. அந்த மானியம் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75 விழுக்காடு. இது தெரியாமல் ஒரு சான்றுக்காக மூன்று முறை அலைந்து நாளைக் கழித்தேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மாடியில் பைகளை அடுக்கும் முன் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் பெறுவது நல்லது. நனைந்த பை ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது. சுவரை ஒட்டியும் உத்திரத்தின் மேலும் மட்டுமே வரிசையாக வையுங்கள்.

7. செலவு

தோட்டத்தை அரை சென்ட்டாகக் குறைத்த பிறகு எனக்கு முதல் ஆண்டில் ஆன செலவு ஏறத்தாழ 6,500 ரூபாய். ஆட்டு எரு பதினைந்து மூட்டைக்கு 2,250, பந்தற்கால்களும் கம்பியும் 1,800, வேப்பம்புண்ணாக்கு இருபது கிலோவுக்கு 1,000, விதைகளுக்கு 350, மரக்கன்றுகளுக்கு 400, மண்வெட்டிக் கணை, கயிறு முதலிய சில்லறை 700. இரண்டாம் ஆண்டில் பந்தற்செலவு இல்லை. விதையும் பாதி வீட்டிலிருந்தே வந்தது. பட்டியலில் எருவைக் குறைத்து வேறொன்றைக் கூட்டாதீர்கள். எருவையும் மட்கியதாகப் பார்த்து வாங்குங்கள். கையில் அள்ளினால் சூடு இருக்கக் கூடாது, நெடி அடிக்கக் கூடாது. பச்சை எருவை இட்டால் கறையான் முதலில் வரும், பயிர் பிறகே வரும்.

8. குறிப்பேடும் விதை எடுப்பும்

விதைத்த நாள், முதல் பறிப்பு, கடைசிப் பறிப்பு, வாளி நிரம்பிய நேரம் ஆகிய நான்கை மட்டும் குறித்து வந்தால், அடுத்த மார்கழியில் மேலே சொன்ன முதல் படி தானாகவே முடிந்திருக்கும். வெண்டையிலும் சீனியவரையிலும் நடுப்பருவத்தில் வந்த நல்ல காய்களுக்கு ஒரு சிவப்பு நூலைக் கட்டி, பறிக்காமல் முற்ற விடுங்கள். கடைசியில் மிஞ்சிய சூம்பல் காயை விதைக்கு விடுவது பலரும் செய்யும் தவறு. வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) இரகத்திலிருந்து விதை எடுத்தால் அதே காய் வராது. காய்ந்த விதையைச் சாம்பலில் புரட்டி, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் இட்டு, பயிரின் பெயரையும் மாதத்தையும் எழுதி ஒட்டி, அடுப்பங்கரையின் சூடு படாத அலமாரியில் வையுங்கள். பங்குனியில் எடுத்த வெண்டை விதையை ஆடிக்கும், மார்கழியில் எடுத்த அவரை விதையை அடுத்த ஆடிக்கும் நான் இப்படித்தான் வைத்திருக்கிறேன். அவரைப் புட்டியை மட்டும் மாதம் ஒருமுறை திறந்து வெயிலில் காட்டுங்கள். வண்டு முதலில் நுழைவது அதில்தான்.